விழிப்புலனற்றவர்களே, கிளிநொச்சிப் பக்கம் டேப் (டேப்லெட்) வாங்கப் போனால் கவனம்

எனக்கு இரண்டு கண்ணும் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு கடையில் 45,000 ரூபா கொடுத்து டேப் ஒன்று வாங்கினேன். "இது கதைக்குமா, தமிழில் வாசிக்குமா?" என்று கேட்டுத்தான் வாங்கினேன். "ஓம் அண்ணை, வடிவாக் கதைக்கும்" என்று கடைப் பெடியன் ஒரு செய்தியைப் போட்டுவிட, அதுவும் கணீரென்று வாசித்தது.

வீட்டில் பார்த்தால், அது செய்தியை ஒட்டினால் வாசிக்கிற ஏதோ ஒரு ஆப். அதைத் திறக்கவே கண் தெரிய வேண்டும்! நமக்குத் தேவை ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டோக்பேக்: விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லி, இரண்டு தரம் தட்டினால் திறந்துவிடுவது. அதைப் போட ஒலிப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன், சத்தமே இல்லை. அக்காவின் மகள் செட்டிங்ஸ் முழுக்கத் தேடினாள், டோக்பேக் இல்லவே இல்லை. பிளே ஸ்டோரோ, சான்றளிக்கப்படாத சாதனம் என்று உள்ளே விடவில்லை. பெட்டியிலும் செட்டிங்ஸிலும் ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ரேம் என்று இருக்கிறது, ஆனால் சோதிக்கிற ஆப் ஒன்றைப் போட்டதும் ஆண்ட்ராய்டு 8, 2 ஜிபி என்று குட்டு வெளிப்பட்டது.

திருப்பிக் கொண்டுபோனால் சாப்ட்வேர் பிழையாம். எங்கிருந்தோ டோக்பேக்கை ஏற்றித் தந்தார்கள், விரலைத் தள்ளிவிட்டு ஒரு மிடறு தேத்தண்ணியும் குடித்த பிறகுதான் அது வாய் திறக்கிறது. காசைக் கேட்டதும் முதலாளி, "கண் தெரியாத ஆளுக்கு டேப் எதுக்குத் தம்பி, போன் காணாதே?" என்றார். முழுதாகப் பார்வை இல்லாதவருக்குப் பெரிய திரையால் அவ்வளவு லாபம் இல்லைதான், கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு எழுத்தைப் பெருப்பித்துப் பார்க்க உதவும். ஆனால் 2020 இல் டோக்பேக்கில் வந்த பிரெய்ல் விசைப்பலகையில் ஆறு விரலையும் வசதியாக வைத்து எழுத எனக்கு அகலமான திரை வேண்டும். இதை அவருக்கு யார் விளங்கப்படுத்துவது!

ஆகவே காசு கொடுக்க முதலே, கடையில் வைத்தே டோக்பேக்கைப் போடச் சொல்லுங்கள். பெடியன் செய்து காட்டுவது கணக்கில்லை, உங்கள் விரலால் வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் கேளுங்கள். வைஃபை வாங்கி, கூகுள் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரலை இறக்கிப் பாருங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் சாதனம் சான்றளிக்கப்பட்டதா என்று கூட வந்தவரை வாசிக்கச் சொல்லுங்கள், அதற்குக் கடைக்காரர் மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஐபாடில் டோக்பேக் மாதிரியான வாய்ஸ்ஓவர் கூடவே வரும், விலைதான் கடிக்கும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் எந்த டேபிலும் உளறும், அந்தப் பழியை மட்டும் கடைக்காரர் தலையில் போடாதீர்கள்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது, ஆனால் அதில் "டேப் - 1" என்று மட்டும்தான் எழுதியிருக்கிறதாம். நீங்கள் வாங்கினால் மாடல், ரேம், ஆண்ட்ராய்டு எத்தனை என்பது வரை எழுதுவித்து, அங்கேயே ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.