சொந்தப் பயிற்சிக் குழு: ஆறு வருடத்துக்கு மேல் கூடவே வேலை செய்த அனுபவம்

மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் மளிகைச் சரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கென்று சொந்தமாக ஒரு மென்பொருள் பயிற்சிக் குழு இருக்கிறது. முழு நேரத்துக்கு ஒருவர், பாதி நேரத்துக்கு ஒருவர், அவ்வளவுதான். 2019 ஜனவரியில் தொடங்கியது. உங்கள் கம்பெனியிலும் சொந்தப் பயிற்சிக் குழு வேண்டுமா என்ற பேச்சு ஓடுகிறது என்றால், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2018ஆம் வருடத்தை இந்நாட்டில் கணக்கு வேலை பார்த்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் 1ஆம் தேதி பொருள், சேவை வரியான ஜி.எஸ்.டி. 6 விழுக்காட்டிலிருந்து சுழியத்துக்கு வந்தது. செப்டம்பர் 1 முதல் மறுபடியும் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்.எஸ்.டி. அதே வருடம்தான் நாங்கள் பழைய மென்பொருளை விட்டுவிட்டு, ஸ்டோர், விற்பனை, கணக்கு மூன்றையும் ஒன்றாக இணைக்கும் புதியதற்கு மாறினோம். விற்றவர்கள் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். வந்த பயிற்றுநர் கெட்டிக்காரர், எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் காட்டிய மாதிரிக் கம்பெனி மேசை நாற்காலி விற்றது. நாங்கள் விற்பது கடுகும் சாடின் (மத்தி மீன்) டின்னும். அதைவிடப் பெரிய தப்பு, பயிற்சி முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தான் மென்பொருள் எங்களிடம் ஓட ஆரம்பித்தது. 1885இலேயே எபிங்காவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன் ஞாபகத்தைத் தானே சோதித்துப் பார்த்தார். ஒரே நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக அவர் கணக்கு சொல்கிறது. எங்கள் ஸ்டோர்காரர்களுக்கு அந்த இரண்டு நாள் பாடமும் பொருளில்லாத அசையாகத்தான் இருந்தது.

என்ன ஆனது என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். 40 கார்ட்டன் சாடின் வந்து இறங்குகிறது, கார்ட்டனுக்கு 24 டின். ஸ்டோர் அண்ணன் 40 என்று எண்ணை அடிக்கிறார். பக்கத்துக் கட்டத்தில் ‘பீஸ்’ என்று இருக்கிறது, அவர் அதைத் தொடவில்லை. கணினியின் கணக்கில் வந்தது 40 டின். மறுநாள் சரக்கு குறைவு என்று சிவப்பில் காட்ட, வாங்கும் பிரிவு இன்னொரு 40 கார்ட்டனுக்கு ஆர்டர் போட்டுவிட்டது. அண்ணன் பொறுப்பில்லாதவர் அல்ல. முப்பது வருடமாக ஸ்டோரில் ஒரு பெட்டி தவறவிடாதவர். அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதினேன். எந்தப் பிரிவிலிருந்து போன், என்ன கேள்வி, சரிசெய்ய எவ்வளவு நேரம். பாதிக் கேள்விகளுக்கு மேல் மென்பொருளைப் பற்றியவையே அல்ல. “நம்ம வேலையில இதை எங்க போடுறது?” என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. இதற்கு வெளியாளால் பதில் சொல்ல முடியாது. அந்த நோட்டை முதலாளி மேசையில் வைத்துத்தான் சொந்த ஆள் வேண்டும் என்று கேட்டேன்.

“ஆளுங்களை வெளியே பயிற்சிக்கு அனுப்பினால் போதாதா?” என்றார் முதலாளி. நியாயமான கேள்வி. இப்போது மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குப் பயிற்சி லெவியாகச் சம்பளத் தொகையில் 1 விழுக்காடு மாதாமாதம் போகிறது. வெளி வகுப்புக்கு மட்டுமல்ல, நம் ஆளே நடத்தும் வகுப்புக்கும் நிபந்தனைகளோடு அதிலிருந்து பணம் கோரலாம். வகுப்புக்கு முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

விற்பனை கவுண்ட்டரில் இருந்த ஓர் அக்காவைத் தேர்ந்தெடுத்தோம். கணினிப் படிப்பு இல்லை. ஆனால் யார் எங்கே தடுமாறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். முதல் வேலையாக ஸ்டோருக்குப் போய் ஒரு சாடின் கார்ட்டனைப் பிரித்து, 24 டின்னையும் அண்ணன் முன்னால் அடுக்கினார். “அண்ணே, இது ஒண்ணு. இது இருபத்தி நாலு. கம்ப்யூட்டர் எது வந்துச்சுன்னு கேக்குது.” அண்ணன் சிரித்துவிட்டு, “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று அவர் மாற்றி மாற்றிச் சொல்வதை ஹோட்டல் வகுப்பில் எதிர்பார்க்க முடியாது.

2025 ஜூலை 1 அன்று எங்கள் விற்றுமுதல் அளவுள்ள கம்பெனிகளுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனைப் பில்லைக் கணினி வழியாக வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை, கட்டாயமானது. அப்போதுதான் இந்தக் குழுவின் அருமை எல்லாருக்கும் தெரிந்தது. வருமான வரி வாரியத்தின் சோதனைத் தளத்தில் எங்கள் சொந்த வாடிக்கையாளர், எங்கள் சொந்தச் சரக்கை வைத்தே மூன்று மாதம் பழகினோம். வாரியம் ஏற்றுக்கொண்ட இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதற்குப் பிறகு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் திருத்தச் சீட்டு) போட வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு கவுண்ட்டரிலும் அக்கா ஒட்டியிருந்தார். இரண்டாவது வாரம் ஒரு புதுப் பெண் 12 கார்ட்டனை 21 என்று போட்டுவிட்டாள். பயந்து மறைக்காமல், மறுநாள் காலையிலேயே தானாக வந்து சொன்னாள். நேரத்தோடு ரத்து செய்தோம். திட்டு வாங்காமல் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியம் அது. என் வரைக்கும் இந்தக் குழுவின் மிகப் பெரிய பயன் அதுதான்.

குறையும் உண்டு. பிரிண்டர் ஓடவில்லை என்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுகிறார்கள், பாடம் தயாரிக்க வேண்டிய நேரம் அதில் போகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது செலவைக் குறைக்கும் பட்டியலில் முதலில் இருந்தது இவர்கள் பெயர்தான். வீட்டிலிருந்து வேலை செய்ய எல்லாருக்கும் போனிலேயே சொல்லிக் கொடுத்ததால் தப்பித்தார்கள். இன்னொன்று, பாடக் குறிப்புகளில் பாதி அக்காவின் தலையில்தான் இருக்கிறது. அவர் நீண்ட விடுப்பில் போனால் திண்டாடுவோம். முதல் நாளிலிருந்தே எழுதி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பக்கமாவது எழுதுகிறோம்.

அடுத்த வாரம் பட்ஜெட் கூட்டம். அந்தப் பாதி நேர ஆளை முழு நேரமாக்கக் கேட்கப் போகிறேன். இந்த மாதத்துக்கும் ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன்.