எந்த மாத்திரை ஒத்துவரும்? எச்சில் துப்பிப் பார்த்தேன்

பேனிக் டிஸார்டருக்காக (திடீர் திடீரென்று பயமும் படபடப்பும் தாக்கும் நோய்) முதலில் பார்த்த டாக்டர் எஸ்சிட்டலோபிராம் என்ற பதற்ற மாத்திரையை 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் வாரமே கை நடுக்கம், தூக்கம் போச்சு, படபடப்பு முன்னைவிட மோசம். பத்தாவது நாள் நானாகவே நிறுத்திவிட்டேன் (தப்புதான்). அந்தக் கடுப்பில் இருந்தபோது, உங்களுக்கு எந்த மாத்திரை வேலை செய்யும் என்பதை உங்கள் மரபணுவே சொல்லும் என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, கோடு வரை எச்சில் துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. பதற்றம் பிடித்த ஆளுக்கு வாய் எப்போதும் காய்ந்துதான் கிடக்கும். எலுமிச்சம்பழத்தை நினைத்து நினைத்து இருபது நிமிடம் துப்பினேன்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பதினான்கு பக்கம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாத்திரைப் பட்டியல். அதில் உருப்படியானது சிஒய்பி2சி19 பற்றிய இரண்டு பக்கம். எஸ்சிட்டலோபிராமைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி அது. எனக்கு அது கொஞ்சம் மந்தமாம். அப்படியென்றால் அதே அளவு மாத்திரை என் ரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். இந்த விஷயத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்த நொதி மிக மந்தமாக உள்ளவர்களுக்கு சிட்டலோபிராமை (என் மாத்திரையின் நெருங்கிய சொந்தம்) 20 மில்லிகிராமுக்கு மேல் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே சொல்லியிருக்கிறது.

மீதிப் பக்கங்கள்தான் வம்பு. செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கடத்தும் டிரான்ஸ்போர்ட்டர் மரபணுவில் எனக்குக் 'குட்டை' வகை, அதனால் எஸ்சிட்டலோபிராம் ரக மருந்துகள் சரியாகப் பலன் தராது என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். படித்த அன்று ராத்திரி இரண்டு பேனிக் அட்டாக். ஆனால் மரபணுவைப் பார்த்து மருந்து தருவதற்கு வழிகாட்டுதல் எழுதும் சிபிஐசி என்ற நிபுணர் குழு, இந்த மரபணுவை வைத்து மருந்து முடிவு செய்ய ஆதாரம் போதாது என்று 2023இல் எழுதியிருக்கிறது. மருந்து எவ்வளவு நேரம் உடம்பில் தங்கும் என்பது ஒரு கேள்வி, பேனிக் அடங்குமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கலரில் அடித்துத் தருகிறார்கள். 35 சதவீத கார்பன் டை ஆக்சைடை ஒரே ஒரு மூச்சு இழுக்க வைத்துப் பேனிக் டிஸார்டர் உள்ள பலருக்கு அட்டாக்கை வரவழைக்கவே ஆராய்ச்சிக்காரர்களால் முடிகிறது. ஆனால் மாத்திரையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பரிசோதனை இன்னும் எந்த டாக்டர் கையிலும் இல்லை.

இன்னொரு கோபம். படிவத்தில் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரி கேட்கவில்லை. நான் நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். அது இதே நொதியை மட்டுப்படுத்தும். இரண்டாவதாகப் போன டாக்டர் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஒமெப்ரசோலை மாற்றினார், எஸ்சிட்டலோபிராமை 5இல் தொடங்கினார், மெதுவாக ஏற்றினார். எட்டாவது வாரத்தில் தனியாக லிஃப்டில் போனேன்.

அப்படியானால் பரிசோதனை ஜெயித்ததா? டாக்டரிடமே கேட்டேன். "பேனிக்குக்கு எப்படியும் பாதி அளவில்தான் ஆரம்பிப்பேன்" என்றார். ஐந்துக்கு இரண்டு ஸ்டார் தருகிறேன், அதுவும் அந்த நொதிப் பக்கங்களுக்காக. டாக்டரும் அந்த இரண்டை மட்டும் ஃபைலில் வைத்துக்கொண்டு, மீதிப் பன்னிரண்டை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.