படத்திலிருந்து மில்லிமீட்டர் எடுக்க எந்த கேமரா காலிப்ரேஷன் தோது?

படத்தின் பிக்சல்களை நிஜ அளவுகளோடு பொருத்தும் கணக்குதான் கேமரா காலிப்ரேஷன். அது முடிந்து திரையில் பிழை 0.2 பிக்சல் என்று வந்ததும் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்கிட்ட மாடல் நீங்கள் கொடுத்த படங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அளவு தெரிந்த கட்டங்கள் அச்சடித்த காலிப்ரேஷன் பலகையை ஒரே கோணத்தில் வைத்து ஐந்தாறு படம் எடுத்துக் கொடுங்கள், எண் இன்னும் அழகாகக் குறையலாம், குவியத் தூரம் எங்கோ போயிருக்கும். அதனால் இந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, அளக்கப்போவது என்ன என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

தட்டையான பொருள், அசையாமல் பொருத்திய கேமரா என்றால் முழு காலிப்ரேஷனே வேண்டாம். தளத்தில் இடம் தெரிந்த நான்கு புள்ளிகள், அதில் எந்த மூன்றும் ஒரே கோட்டில் வராமல் இருந்தால் ஹோமோகிராபி, அதாவது படத்தின் புள்ளியைத் தளத்தின் புள்ளியோடு இணைக்கும் கணக்கு, கிடைத்துவிடும். லென்ஸ் உண்டாக்கும் வளைவை மட்டும் முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் அந்தத் தளத்தை விட்டு விலகினால் காலை வாரிவிடும்: நேர்மேலே 500 மி.மீ. உயரத்தில் கேமரா, பொருளின் மேற்பரப்போ தளத்தைவிட 5 மி.மீ. மேலே என்றால், 100 மி.மீ. நீளம் 101 என்று வரும். தடிமன் மாறிக்கொண்டே இருக்கும் பொருட்களுக்கு இது ஆகாது.

முப்பரிமாணத்துக்குப் போனால் பழைய முறை 1971இல் அப்தெல் அசீசும் கராராவும் தந்த டிஎல்டி (நேரடி நேரியல் மாற்றம்). ஒரே தளத்தில் இல்லாத ஆறு புள்ளிகளாவது வேண்டும், 11 அளவுருக்கள், நேரடிக் கணக்கு. அடிப்படை வடிவில் லென்ஸ் வளைவுக்கு இடமில்லை, துல்லியமாகச் செய்த முப்பரிமாணச் சட்டமும் தேவை. 1987இல் வந்த ட்சாய் முறை வளைவையும் சேர்த்துக்கொண்டது, ஒற்றைப் பலகையின் ஒரே படத்தாலும் வேலை செய்யும், பலகை சாய்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நேருக்கு நேர் வைத்தால் குவியத் தூரத்தையும் பலகையின் தொலைவையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்று பெரும்பாலானோர் பயன்படுத்துவது 2000இல் ஜாங் வெளியிட்ட முறையைத்தான். சதுரங்கக் கட்டப் பலகையை வெவ்வேறு சாய்வில் காட்டிப் பல படங்கள் எடுத்தால் போதும். மலிவு, ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருள் நூலகத்திலேயே இருக்கிறது. சறுக்குவது எங்கே என்றால் பலகையில்தான். பிரின்டர் தாளுக்கேற்பச் சுருக்கி அச்சடித்திருக்கும், அட்டை லேசாக வளைந்திருக்கும், பலகை படத்தின் மூலைகளுக்குப் போகவே போகாது, லென்ஸ் வளைவு அதிகமாக இருப்பதோ மூலைகளில்! அச்சடித்த கட்டத்தை வெர்னியரால் அளந்து அந்த அளவையே கொடுங்கள், தாளைக் கண்ணாடி மாதிரி தட்டையான எதிலாவது ஒட்டுங்கள். வெள்ளைக் கட்டங்களில் தனித்தனி அடையாளக் குறி உள்ள சாருகோ பலகை என்றால் ஒரு பகுதி மட்டும் தெரிந்தாலும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் மூலைகளை நிரப்புவது சுலபம், அதனாலேயே சாதாரணக் கட்டத்தைவிட அதைத்தான் எடுப்பேன். வட்டப் புள்ளிப் பலகையில் மையம் சுத்தமாகக் கிடைக்கும். சாய்த்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், அந்த நீள்வட்டத்தின் மையமும் உண்மையான மையம் விழும் இடமும் ஒன்றல்ல. புள்ளி பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழையும் கூடும்.

பலகையே இல்லாமல் காட்சியிலிருந்து கணக்கிடும் செல்ஃப் காலிப்ரேஷனும் உண்டு. வடிவம் கிடைக்கும், அளவுகோல் கிடைக்காது. தெரிந்த நீளம் ஒன்றாவது காட்சியில் இல்லாவிட்டால் மில்லிமீட்டர் பேச்சுக்கே இடமில்லை.

எதைத் தேர்ந்தாலும் சோதனை ஒன்றுதான்: காலிப்ரேஷனில் பயன்படுத்தாத, நீளம் தெரிந்த ஒரு ஸ்டீல் ஸ்கேலை நடுவில், ஓரத்தில், ஜாங் மாதிரி முப்பரிமாண முறை என்றால் சாய்த்தும் வைத்து அளந்து பாருங்கள். அப்புறம் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டே எல்லாவற்றையும் தொடங்குங்கள். ஃபோகஸ் நகர்ந்தால் குவியத் தூரமும் நகரும், பலகையை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.