பாரிஸ்டரா, சொலிசிட்டரா? கட்டணம் கட்டும் முன் ஓர் அலசல்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் 'நீ நன்றாகப் பேசுவாயே, பாரிஸ்டராகிவிடு' என்று சொல்வது சுலபம். அங்கே வழக்கறிஞர் தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது: நீதிமன்றத்தில் வாதிடுவதை முதன்மையாகச் செய்பவர் பாரிஸ்டர், கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லி ஆவண வேலைகளைப் பார்ப்பவர் சொலிசிட்டர். பேச்சுத் திறமை தேவைதான். ஆனால் இரண்டு பாதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் பணம் போடும் நேரத்தில் இருக்கிறது. சொலிசிட்டராக வருபவர் சம்பாதித்துக்கொண்டே தகுதி பெறலாம். பாரிஸ்டராக வருபவர் வேலைக்கு எந்த உறுதியும் கிடைக்காத நிலையிலேயே பெருந்தொகையைக் கட்டிவிட நேரலாம்.

படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸ்டருக்குச் சட்டப் பட்டம், அல்லது வேறு பட்டத்தோடு சுமார் ஓராண்டு மாற்றுப் படிப்பு. பிறகு பாரிஸ்டர்களுக்கான தொழிற்படிப்பான பார் கோர்ஸ். பிறகு அனுபவமுள்ள பாரிஸ்டரின் கீழ் 12 மாத பியூபிலேஜ் பயிற்சி. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ('இன்'கள்) ஒன்றில் உறுப்பினராகவும் சேர வேண்டும், அதுவும் கோர்ஸ் தொடங்க 12 வாரம் இருக்கும்போதே. சொலிசிட்டருக்கு 2021 முதல் எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வு வந்திருக்கிறது. முதல் பகுதியில் 360 கொள்குறி வினாக்கள். இரண்டாம் பகுதியில் ஆவணம் வரைவது, கட்சிக்காரரிடம் பேசுவது, வாதிடுவது போன்ற செய்முறைகள். இதோடு 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும். அதை நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம், பாராலீகல் (சட்ட உதவியாளர்) வேலையும் கணக்கில் வரும். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, சம்பளம் வாங்கிக்கொண்டே சுமார் 6 ஆண்டு அப்ரென்டிஸ்ஷிப் வழியாகச் சொலிசிட்டராகும் வாய்ப்பும் உண்டு.

இனி பணம். பார் கோர்ஸுக்கு நிறுவனத்தைப் பொறுத்து ஏறத்தாழ 12,000 முதல் 20,000 பவுண்டு வரை ஆகும். லண்டனில் படித்தால் வாடகை தனி. எஸ்.க்யூ.இ. தேர்வுக் கட்டணம் இரண்டு பகுதிக்கும் சேர்த்து 5,000 பவுண்டை ஒட்டி வரும், பயிற்சி வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பெரிய சொலிசிட்டர் நிறுவனங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இவை அனைத்தையும் கட்டி, படிக்கும் காலத்துக்குச் செலவுக்கும் பணம் தருகின்றன.

பாரிஸ்டர் பாதையில் கழுத்தைப் பிடிக்கும் இடம் பியூபிலேஜ். பார் கோர்ஸில் ஆண்டுக்குச் சுமார் 2,000 பேர் சேர்கிறார்கள். பியூபிலேஜ் இடங்களோ சில நூறுதான். கோர்ஸ் முடித்தவர்களில் பலர் தங்கள் நாட்டுக்குத் திரும்பித் தொழில் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் முந்தைய ஆண்டுகளில் இடம் கிடைக்காதவர்களும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

குடும்பங்கள் ஏமாறுவதும் இங்கேதான். கோர்ஸில் தேறி, இன் நடத்தும் அமர்வுகளையும் முடித்தால் பாரிஸ்டர் பட்டம் வழங்கும் 'கால்' விழா நடக்கிறது. விக், கவுன், புகைப்படம், ஊரெல்லாம் வாழ்த்து. ஆனால் பியூபிலேஜ் இல்லாமல் பாரிஸ்டராகத் தொழில் செய்ய முடியாது. சட்டச் சேவை அளிக்கும்போது தன்னைப் பாரிஸ்டர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவும் கூடாது. கோர்ஸ் முடித்து 5 ஆண்டுக்குள் பியூபிலேஜ் தொடங்க வேண்டும் என்ற கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் புகைப்படத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன்.

ஆகவே வரிசை முக்கியம். இன்கள் ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு உதவித்தொகை தருகின்றன. பார் கோர்ஸுக்கான உதவித்தொகை விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பியூபிலேஜ் கேட்வே என்ற இணையதளம் ஜனவரியில் விண்ணப்பங்களைப் பெறத் தொடங்குகிறது. அதன் வழியே 20 இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம், முடிவு மே மாதம் தெரியும். பட்டப் படிப்பின் கடைசி ஆண்டிலேயே இரண்டையும் முயன்றுவிட்டால், கோர்ஸ் கட்டணம் கட்டும் முன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்த வகைக் கோர்ஸ் என்று தேர்ந்தெடுக்கவும் வழி உண்டு. இன்ஸ் ஆஃப் கோர்ட் காலேஜ் ஆஃப் அட்வகசி போன்ற இடங்களில் கோர்ஸ் இரண்டு பகுதியாக நடக்கிறது. சிவில், கிரிமினல் நடைமுறைச் சட்டத்தை முதலில் வீட்டிலிருந்தே படித்துத் தேறிய பிறகு, நேரில் நடக்கும் இரண்டாம் பகுதிக்குப் போகலாம். கையைக் கடிக்காத ஏற்பாடு.

வேலையின் தன்மையும் வேறு. பெரும்பாலான சொலிசிட்டர் நிறுவனங்களில் வேலை நேரம் 6 நிமிடக் கூறுகளாகப் பதிவாகிறது. ஒரே கட்சிக்காரரோடு மாதக்கணக்கில் தொடர்பு, கடிதம், பேச்சுவார்த்தை. பியூபிலேஜின் இரண்டாவது ஆறு மாதத்தில் இருக்கும் கிரிமினல் பாரிஸ்டருக்கோ, மறுநாள் காலை மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டிய வழக்கின் ஆவணங்களை, 'சேம்பர்ஸ்' எனப்படும் பாரிஸ்டர்களின் கூட்டு அலுவலகத்தின் கிளார்க் முந்தைய நாள் மாலைதான் அனுப்புவார். கட்சிக்காரரை நீதிமன்ற வாசலில் முதன்முதலாகப் பார்த்து, சில நிமிடங்களில் அவருடைய நம்பிக்கையைப் பெற்று, உள்ளே போய் எழுந்து நிற்க வேண்டும். இது பிடித்துப்போனவர்களுக்கு வேறு எந்த வேலையும் ருசிக்காது.

ஆனால் பாரிஸ்டர்களில் ஐந்தில் நான்கு பேர் சொந்தத் தொழில் செய்பவர்கள். சம்பளத்தோடு விடுப்பு கிடையாது, வருமானத்தில் ஒரு பங்கு சேம்பர்ஸுக்குப் போகும். சில வணிகச் சட்ட சேம்பர்ஸ் பியூபிலேஜுக்கே 70,000 பவுண்டுக்கு மேல் தருகின்றன. அரசு சட்ட உதவியை நம்பியிருக்கும் கிரிமினல் பாரிஸ்டர்களோ, கட்டணம் போதவில்லை என்று 2022இல் வேலைநிறுத்தமே செய்தார்கள். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் குற்ற வழக்குகளை அரசுத் தரப்பில் நடத்தும் கிரௌன் பிராசிக்யூஷன் சர்வீஸ் போன்ற அரசுத் துறைகளில் பாரிஸ்டராகச் சேரலாம். ஏனோ நம்மவர்கள் அந்த வழியை அதிகம் யோசிப்பதில்லை.

நீதிபதியாக வேண்டுமானால் பாரிஸ்டராகத்தான் வேண்டும் என்பது பழைய கதை. சொலிசிட்டரான லாரன்ஸ் காலின்ஸ் 2000இல் உயர் நீதிமன்ற நீதிபதியாகி, பின்னர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். கூடுதல் தகுதி பெற்ற சொலிசிட்டர்கள் கிரௌன் நீதிமன்றத்திலும் அதற்கு மேலும் வாதிடுகிறார்கள். சொலிசிட்டராகத் தொடங்கி, பிறகு பாரிஸ்டராக மாறவும் வழி இருக்கிறது.

குடும்பத்தில் பணம் கட்ட ஆளில்லை, கையில் உதவித்தொகையும் இல்லை என்றால், சொலிசிட்டர் பாதையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வாதாடுவதில்தான் உயிர் என்பவர், மே மாதம் எதுவும் கிடைக்காவிட்டால், கோர்ஸில் சேராமல் ஓராண்டு பாராலீகலாக வேலை பார்க்கலாம். ஃப்ரீ ரெப்ரசன்டேஷன் யூனிட் என்ற தொண்டு நிறுவனம் வழியாகத் தொழிலாளர் தீர்ப்பாயங்களில் இலவசமாக வாதாடிப் பழகலாம். ஜனவரியில் மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவம் படிவத்தில் பேசும். அப்போதும் கைகூடவில்லை என்றால், சொலிசிட்டராக வேண்டிய 2 ஆண்டு அனுபவத்தில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கும்.