சிலிக்கான் டியூபைத் தொடாத பட்டறை

திருப்பூர் நண்பர் ஒருவர் பழைய பென்ஸ் டபிள்யூ 124 ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். “சன்ரூஃப் வேலைக்குக் கோயமுத்தூர்ல நம்பிப் போற பட்டறை எதுங்க?” என்று கேட்டார். சன்ரூஃப் என்றால் சுவிட்சை அழுத்தினால் திறந்து மூடும் கூரைத் தகடு. 1995இல் புனேயில் கட்ட ஆரம்பித்த அந்த வண்டியின் எஞ்சின், கியர் பற்றியெல்லாம் என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். கூரையைப் பற்றித்தான் யாருக்கும் தெரிவதில்லை.

என்னிடம் இருப்பதும் 124தான். அதில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஓட்டுகிறவர் காலடி விரிப்பு ஊறி, ரெண்டு நாள் கழித்து ஒரு நாற்றம் வரும் பாருங்கள், கண்ணாடியை ஏற்றவே முடியாது. காட்டிய பட்டறைகளில் எல்லாம் ஒரே வைத்தியம்: கூரைத் தகட்டின் ஓரத்து ரப்பரைச் சுற்றி சிலிக்கான் பசை. ஒரு கடையில் பூசிவிட்ட பூச்சுக்குக் கூரைத் தகடே ஒட்டிக்கொண்டது. சுவிட்சை அழுத்தினால் டிக்கிக்குள் மோட்டார் மட்டும் முனகும். (ஆமாம், இந்த வண்டிக்கு சன்ரூஃப் மோட்டார் டிக்கியில்தான். கூரை விளக்கைக் கழற்றி அங்கே மோட்டாரைத் தேடிய மகானுபாவர்களும் உண்டு.)

அந்த ரப்பர் தண்ணீரை முழுசாகத் தடுப்பதற்கு வைத்ததே இல்லை. கொஞ்சம் உள்ளே கசியும், சுற்றியிருக்கும் தகரக் கால்வாயில் விழும், நாலு மூலையிலும் உள்ள குழாய் வழியாகத் தூண்களுக்குள் இறங்கி வெளியே போய்விடும். புங்க மரத்தடியில் நிற்கிற வண்டியில் பூவும் தூசியும் சேர்ந்து குழாயின் வாயை அடைத்தால் தண்ணீர் எங்கே போகும்? வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது வரப்பை உயர்த்துகிற வேலைதான் இந்த சிலிக்கான்.

கடைசியில் கிடைத்தவர், கோயமுத்தூர் கணபதிப் பக்கம் பெயர்ப் பலகைகூட இல்லாத ஒரு ஷெட்டில் வேலை பார்க்கும் அண்ணன். கூரையைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒரு போசியில் தண்ணீர் கொண்டுவந்தார். மூலைமூலையாக ஊற்றி, எங்கே சொட்டுகிறது என்று குனிந்து பார்த்தார். முன்பக்க வலது குழாயில் ஒரு சொட்டும் இல்லை. கம்ப்ரசர் காற்று வைக்கலாமே என்றேன். “வேண்டாங்க. வேகமா அடிச்சா உள்ள குழாய் மூட்டுல கழண்டுக்கும். அப்புறம் எல்லாத்தையும் பிரிக்கோணும்” என்றார். மெல்லிய நைலான் கம்பியை விட்டுப் பொறுமையாகத் துழாவியே அடைப்பை எடுத்தார். கூரை நகரும் தடத்தில் தேய்ந்துபோன பிளாஸ்டிக் துண்டுக்கு, பம்புசெட் சாமான் கடைந்து தரும் பக்கத்து லேத்துப் பட்டறையில் நைலானில் ஒன்று செய்து வாங்கி மாட்டினார். பழைய வண்டி வைத்துக்கொள்ள இந்த ஊரை விட்டால் வேறு ஊர் எனக்குத் தோன்றவில்லை.

சரி, அவர் மேல் இருக்கும் கடுப்பையும் சொல்லிவிடுகிறேன். “வியாழக்கிழமை வந்து எடுத்துக்கங்க” என்றவர் தீபாவளி தாண்டித்தான் வண்டியைக் கொடுத்தார். போனை எடுக்கவே மாட்டார். கூலி எவ்வளவு என்றால் “பார்த்துக்கலாங்க” என்பதோடு சரி. கடைசியில் வாங்கியதோ நியாயமான காசு. சண்டை போடவும் வழியில்லை, அது தனி எரிச்சல்.

வேலை சுத்தம். அதற்கப்புறம் பெய்த மழைக்கெல்லாம் விரிப்பு காய்ந்தே கிடக்கிறது. விடியற்காலையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிற சுகத்துக்கு ஏசி பக்கத்தில் வர முடியாது. நண்பருக்குப் பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டேன். கூடவே, சன்ரூஃப் இல்லாத 124 ஒன்று கிடைத்தால் காசு கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்க என்றும் எழுதியிருக்கிறேன்.