தள்ளிப்போடும் பழக்கத்துக்கு யாரிடம் போவது: மருத்துவரா, உளவியலாளரா, கோச்சா?

ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுத மூன்று வாரம் எடுத்துக்கொள்பவர் அந்த மூன்று வாரமும் நிம்மதியாக இருப்பதில்லை. ஒரு நாளில் பத்து முறை அதைத் திறக்கிறார், முதல் வரியைப் படித்ததும் மூடுகிறார், இரவு படுத்த பிறகு மனத்துக்குள்ளேயே முழுப் பதிலையும் எழுதி முடிக்கிறார், காலையில் மறுபடியும் முதல் வரியில் வந்து நிற்கிறார். இப்படி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. உதவி தேடலாம் என்று ஒருவழியாக முடிவெடுத்தபோது பொது மருத்துவர், மருந்து தரும் மனநல மருத்துவர், பேச்சுவழிச் சிகிச்சை தரும் உளவியலாளர், இலக்கை எட்டத் துணை நிற்கும் கோச் என நான்கு கதவுகள் தெரிந்தன. எதைத் தட்டுவது என்று புரியாமல் அதையும் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த எட்டு மாதம் வேறு ஒருவருக்காவது மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய்க் கையேட்டிலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலிலும் சரி, தள்ளிப்போடுதல் என்ற பெயரில் தனி நோய் எதுவும் கிடையாது. வயதுவந்தோரில் சுமார் 15 முதல் 20 விழுக்காட்டினர் நாள்பட்டுத் தள்ளிப்போடுபவர்கள் என்ற மதிப்பீட்டை உளவியலாளர் பியர்ஸ் ஸ்டீல் தம் 2007-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பில் குறிப்பிடுகிறார். இத்தனை பேருக்கு உள்ள தொல்லைக்குத் தனி நிபுணர் என்று யாரும் இல்லை. ஏனென்றால் வெளியே ஒன்றுபோலத் தெரியும் இந்தத் தேக்கத்துக்கு உள்ளே இருக்கும் காரணங்கள் வெவ்வேறு. மனச்சோர்வு உள்ளவருக்கு எதிலுமே ருசி இருக்காது. ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு, உள்ளவர் ஆசையோடு உட்கார்ந்தும் தொடங்க முடியாமல் தவிப்பார். பிறர் தம்மை எடைபோடுவதற்கு அஞ்சுபவர் மற்ற எல்லா வேலைகளையும் முடித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் விட்டுவைப்பார். உடலில் இரத்தமே குறைந்திருப்பவருக்கு எழுந்து உட்காருவதே பெரும்பாடு.

ஆகவே பொது மருத்துவரைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம், ஆனால் தவிர்த்துவிடக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு ஆகிய ஒவ்வொன்றும் ஊக்கமின்மை என்ற வேடத்தில் வரக்கூடியவை. ஓர் இரத்தப் பரிசோதனையும் உறக்கத்தைப் பற்றிய நான்கு கேள்விகளும் பெரும்பாலும் போதும்.

அலசல் உண்மையில் சூடுபிடிப்பது மனநல மருத்துவருக்கும் உளவியலாளருக்கும் இடையில்தான். மனநல மருத்துவரின் பலம் நோயறிதல். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் தாழ்ந்தே இருக்கிறதா, முன்பு பிடித்தவையும் பிடிக்காமல் போயினவா, கவனச் சிதறல் 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, உறக்கமே தேவைப்படாமல் உற்சாகம் பொங்கிய நாட்கள் எப்போதாவது இருந்தனவா என்று அவர் கேட்பவை சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. கடைசிக் கேள்வியை மறைத்தால், மனச்சோர்வும் மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தரப்பட்டு, அதுவே மிகையெழுச்சியைத் தூண்டிவிடும் அபாயம் உண்டு. மருந்து எனும்போது எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். ஏடிஎச்டிக்குத் தரப்படும் மெத்தில்பெனிடேட் அன்றைக்கே வேலை செய்யத் தொடங்கும். அதே கோளாறுக்கான அட்டமோக்ஸெட்டினும் மனச்சோர்வு மாத்திரைகளும் பலன் தர வாரங்கள் ஆகும். எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு உணர்ச்சிகளை மரத்துப்போகச் செய்து, ஊக்கமின்மையையே கூட்டுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தால் முடியாத ஒன்றும் இருக்கிறது. அது கவனத்தைத் தரும், ஆனால் அந்தக் கவனத்தை எங்கே வைப்பது என்பதைச் சொல்லித் தராது. கூர்மையான கவனத்தோடு இரண்டு மணி நேரம் அலமாரியை அடுக்கிவிட்டு எழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்த இடைவெளியில்தான் உளவியலாளர் வருகிறார். குறிப்பாக, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி, பயின்ற உளவியலாளர். தள்ளிப்போடுதல் நேரத்தை நிர்வகிக்கத் தெரியாததால் வருவது என்பதைவிட, ஒரு வேலை கிளப்பும் கசப்பான உணர்விலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பித்துக்கொள்ளும் வழி என்றே திமோத்தி பிச்சில், ஃபூஷியா சிரோயிஸ் போன்ற ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். சிபிடி கை வைப்பது அந்தத் தப்பித்தலின் மேல்தான். ஸ்வீடனில் அலெக்சாண்டர் ரோசெந்தால் குழுவினர் 2015-இல் வெளியிட்ட, 150 பேர் பங்கேற்ற சோதனையில், இணையவழி சிபிடி பெற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட முன்னேறினார்கள். ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினரின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் முக்கியமானது. ஏடிஎச்டிக்கு மருந்து எடுத்தும் தொல்லை தீராத 86 பேரில், சிபிடி பெற்றவர்கள் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களைவிடக் கூடுதல் பலன் கண்டார்கள். மருந்தா பேச்சா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது எவ்வளவு பிழை என்பதற்கு இதுவே போதும்.

ஊக்கமே வற்றிப்போனவர்கள் நடத்தைத் தூண்டல் என்ற முறையைக் கேட்டுப் பெறலாம். ஊக்கம் வரட்டும், செய்யலாம் என்று காத்திருக்காமல், மிகச் சிறிய செயலை நாட்குறிப்பில் நேரம் குறித்துச் செய்து, ஊக்கத்தை அதன் பின்னால் வரவைக்கும் முறை அது. மனச்சோர்வு உள்ள 440 பேரிடம் நடத்தி 2016-இல் வெளியான பிரிட்டன் சோதனை ஒன்றில், குறைந்த பயிற்சி பெற்ற பணியாளர்கள் அளித்த நடத்தைத் தூண்டல், தேர்ந்த சிகிச்சையாளர்கள் அளித்த சிபிடிக்குக் குறைந்ததாக இல்லை.

இருந்தாலும் உளவியலாளர் என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. நான் முதலில் சென்றவர் கனிவானவர். ஆறு மாதம் என் இளமைப் பருவத்தைப் பற்றிப் பேசினோம், முடிக்க வேண்டிய அறிக்கை மட்டும் அப்படியே கிடந்தது. இரண்டாமவர் முதல் நாளிலேயே, "அந்தக் கோப்பு இப்போது உங்கள் போனில் இருக்கிறதா? திறங்க, பார்ப்போம்" என்றார். திறந்தேன். மேலதிகாரி ஓரத்தில் எழுதியிருந்த பழைய குறிப்பு கண்ணில் பட்டதும் தொண்டை அடைத்தது. "இப்போது உடம்பில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார், நான் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பிறகு, வேண்டுமென்றே மோசமான ஒரு வாக்கியத்தை அங்கேயே எழுதச் சொன்னார். பத்து நிமிடத்தில் நான்கு வாக்கியங்கள் எழுதியிருந்தேன். சோம்பல் என்று இருபது ஆண்டுகளாக நான் பெயர் வைத்திருந்தது பயம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தள்ளிப்போடும் அந்தக் கணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறாரா என்பதே, ஒரு சிகிச்சையாளரை எடைபோட நான் அறிந்த சிறந்த அளவுகோல்.

கோச்சைப் பற்றி என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. வாராவாரம் விசாரிப்பது, பெரிய வேலையைத் துண்டாக்கித் தருவது, வேலை செய்யும்போது உடன் இருப்பது ஆகியவற்றில் நல்ல கோச்சுக்கு இணை இல்லை. ஏடிஎச்டி என்று அறியப்பட்டு, மருந்தும் சீராகி, அன்றாட ஒழுங்கு மட்டும் கைகூடாதவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் தம்மைக் கோச் என்று அழைத்துக்கொள்ளலாம். 1995-இல் தோன்றிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு தரும் சான்றிதழ்கூடப் பயிற்றுவிக்கும் திறனுக்கானதே, மனநோயை அறியும் தகுதிக்கானது அன்று. மனச்சோர்வில் இருப்பவருக்கு இலக்கு அட்டவணையைக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் கொண்டுவருவது இன்னுமொரு தோல்வியைத்தான். பயம் உள்ளவரோ செய்யாததைக் கோச்சிடமே மறைக்கத் தொடங்குவார். ஆகவே கோச் முதல் கதவாக இருக்கக் கூடாது.

இறந்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றைக்கே அவசர மருத்துவ உதவியை நாட வேண்டும். எதிலும் ருசியில்லாத நிலையோ சிறு வயதிலிருந்து தொடரும் சிதறலோ இருந்தால் மனநல மருத்துவரிடம் முதலில் போகலாம். குறிப்பிட்ட சில வேலைகளில் மட்டும் முடங்குபவர் உளவியலாளரிடமே தொடங்கலாம். ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் அன்றாடத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி முறையை மாற்றக் கேட்கலாம், ஆளையும் மாற்றலாம்.

முன்பதிவு செய்யும் அழைப்பே மலையாகத் தெரிந்தால் நெருங்கிய ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. போவதற்கு முந்தைய நாள் ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வேலை, கடைசியாக அதை எப்போது திறந்தீர்கள், திறந்தபோது உடம்பில் என்ன நடந்தது. அங்கே உட்கார்ந்ததும் பேச்சு வராமல் போனால் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துவிடலாம்.