வில்பத்துப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு: கரடி தாங்கும் கூலர் பெட்டி

கரடி தாங்கும் என்று சொல்லி விற்கிற எந்தப் பெட்டியானாலும் முதலில் மூடியின் முன்பக்க மூலைகள் இரண்டையும் பாருங்கள். ஆமைப்பூட்டுப் போடத் துளை இருக்க வேண்டும். அந்தத் துளையைச் சுற்றித் தடித்த வார்ப்போ உலோகத் தகடோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மேற்கொண்டு விலை கேட்கவே தேவையில்லை.

காரணம், கரடி தாங்கும் என்ற சான்று வரும் இடம். அமெரிக்காவில் 1983இல் அமைக்கப்பட்ட ஐஜிபிசி என்ற கிரிஸ்லி கரடிக் குழுதான் பெட்டிகளைப் பட்டியலிடுகிறது. மொன்டானா மாநிலத்தின் வெஸ்ட் யெலோஸ்டோனில் உள்ள காப்பகத்தில் உணவு வைத்த பெட்டியைக் கரடிகளிடம் விடுவார்கள். அவை கடித்தும் பிறாண்டியும் மேலே ஏறிக் குதித்தும் 60 நிமிடம் முயன்ற பிறகும் உணவு கிடைக்காமல் இருந்தால் பெட்டி தேறும். கூலர் பெட்டிகள் அந்தச் சோதனைக்குப் பூட்டுப் போட்டபடியேதான் போகின்றன. பூட்டாத பெட்டிக்கு அந்தச் சான்று பொருந்தாது. இறப்பர்க் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பில் பாதியைத் தாங்களே விட்டுவிடுகிறார்கள்.

நம்முடைய கரடி கிரிஸ்லி அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் புற்றை உடைத்துக் கறையான் தின்னும் விலங்கு அது. நீண்ட வளைந்த நகங்களால் இடுக்கைத் தேடித் தோண்டுவதே அதன் பிழைப்பு. மூடிக்கும் உடலுக்கும் இடையே நகம் நுழைய இடமில்லாத வடிவமைப்புத்தான் இங்கே உதவும். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் அது பகலிலும் நடமாடும். திடீரென ஆளை எதிரே கண்டால் ஓடாமல் பாயவும் கூடும். ஆகவே பெட்டி எவ்வளவு உறுதியானாலும் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. மணத்தை எந்த மூடியும் முழுதாக அடைக்காது. 100 மீற்றர் தள்ளி, நடக்கும் பாதையை விட்டு விலகி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள்.

யானைக்கு இந்தச் சான்று எதுவும் இல்லை. 3, 4 தொன் எடையுள்ள விலங்கு மிதித்தால் எந்தப் பிளாஸ்ரிக்கும் நிற்காது. அரிசி, உப்பு, வாழைப்பழம் இவற்றை எங்கே வைப்பது என்பதை வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் இடத்தில் வைப்பதே சரி.

இனி ஐஸ். விளம்பரத்தில் 7 நாள், 10 நாள் என்று போடுவார்கள். புத்தளம் தாண்டிய வெயிலில் அந்தக் கணக்கு நிற்காது. உள்ளே 35 லீற்றர் கொள்ளும், 5 சென்ரிமீற்றர் பொலியூரித்தேன் நுரை நிரப்பிய பெட்டியை வெளியே 32 பாகை இருக்கும்போது நிழலில் வைத்தாலும், சுவர் வழியாக ஏறத்தாழ 15 வாற்று வெப்பம் நிற்காமல் உள்ளே போகும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வேண்டும். கணக்குப் பார்த்தால் மூடியைத் திறக்காமலே நாளொன்றுக்கு 4 கிலோ ஐஸ் போகிறது. வெயிலில் கெப்பின் பின்தட்டில் கிடந்தால் இன்னும் வேகமாகப் போகும். 12 கிலோ ஐஸ் என்றால் 3 நாள் என்று வைத்துக்கொண்டு சாப்பாட்டைத் திட்டமிடுங்கள்.

சூடான சாமானை உள்ளே வைப்பதுதான் பெரிய இழப்பு. வெளியில் கிடந்த தண்ணீர்ப் போத்தல்கள் 10 லீற்றர் அளவுக்கு வைத்தால் அவற்றைக் குளிராக்கவே 3.5 கிலோ ஐஸ் கரைந்துவிடும். முதல் நாளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுங்கள். கூலரின் சுவரும் அப்படித்தான். புறப்படுவதற்கு முந்திய இரவு மலிவான ஐஸ் 3, 4 கிலோ போட்டு மூடி வைத்து, காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புது ஐஸ் அடுக்க வேண்டும். மீன் வியாபாரிகள் வாங்கும் பெரிய கட்டி ஐஸ் தூள் ஐஸைவிட மெதுவாக உருகும். அது கிடைக்காவிட்டால் 1.5 லீற்றர் போத்தல்களில் தண்ணீரை விளிம்புக்கு நான்கு விரல் குறைய நிரப்பி உறைய விடுங்கள். உருகிய பிறகு குடிக்கலாம். உருகின தண்ணீரை அவசரப்பட்டுத் திறந்துவிட வேண்டாம். அதுவும் குளிர்தான், இடைவெளியில் சூடான காற்று நிற்பதைவிட நல்லது. இறைச்சியும் மீனும் மட்டும் அந்தத் தண்ணீரில் படாமல் இறுகிய டப்பாவில் இருக்க வேண்டும்.

அளவு விஷயத்தில் பெயரில் வரும் எண்ணை நம்பாதீர்கள். 45 என்று பெயர் வைத்த பெட்டிகள் பலவற்றில் உள்ளே 35 லீற்றர் அளவுதான் இருக்கும். அந்த அளவுப் பெட்டி வெறுமையாகவே 10 கிலோ வரும். 12 கிலோ ஐஸும் 8 கிலோ சாப்பாடும் சேர்ந்தால் 30 கிலோ, இரண்டு பேர் தூக்க வேண்டிய சுமை. அதற்கு மேல் பெரியது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு பெரிய பெட்டியை விட இரண்டு நடுத்தரப் பெட்டி நல்லது: ஒன்றில் குடிதண்ணீர், மற்றதில் சாப்பாடு. சாப்பாட்டுப் பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் மட்டும் திறந்தால் போதும்.

வருடக்கணக்கான பாவனையில் உடல் பழுதாவதில்லை. வார்ப்புப் பொலித்தீன் பள்ளத்தில் விழுந்தாலும் கீறலோடு தப்பிவிடும். பழுதாவது சின்னச் சாமான்கள். இறப்பர்க் கொக்கிகள் வெயிலில் வெடித்து, ஒருநாள் இழுக்கும்போது கையோடு வந்துவிடும். கைப்பிடிக் கயிறு துளையின் விளிம்பில் உராய்ந்து நைந்துபோகும். வடிகால் மூடியின் புரியில் மணல் ஏறினால் அது குறுக்கே மாட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒவ்வொரு தடவையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட வேண்டும். இரும்புப் பூட்டு கொழும்புக் கடற்காற்றிலேயே துருப்பிடிக்கும், பித்தளைப் பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பூட்டுக்கும் ஒரே திறப்பு இருப்பது நல்லது. திறப்பின் ஒரு பிரதி கெப்பிலும் ஒன்று வேலையாளின் கழுத்திலும் இருக்கட்டும்.

மூடியின் இறப்பர் விளிம்பைச் சோதிக்க ஒரு துண்டுக் கடதாசி போதும். அதை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்றுப் புகுகிறது. நான்கு பக்கமும், மூலைகளிலும் செய்ய வேண்டும். விளிம்பில் பூஞ்சணம் பிடிப்பது கொழும்பு வீட்டில் வைத்திருக்கும்போதுதான், காட்டிலல்ல. கழுவி உலர்த்தி, மூடிக்கு இடையில் ஒரு மரத்துண்டு வைத்து, வடிகாலைத் திறந்து வைத்தால் அந்தத் தொல்லை வராது.

சூடான காற்றோடு மூடிய பெட்டி உள்ளே குளிர்ந்ததும் மூடி இறுகித் திறக்க மறுக்கும். கொக்கியைப் பிடித்து நெம்பினால் கொக்கி உடையும். வடிகாலை அரைச் சுற்றுத் திருப்பிக் காற்றை விட்டால் தானே திறந்துகொள்ளும்.

உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வருவிக்கும் பெட்டியென்றால், அதே கட்டளையிலேயே கொக்கி ஒரு சோடி, இறப்பர் விளிம்பு ஒன்று, வடிகால் மூடி ஒன்று சேர்த்து எடுத்துவிடுங்கள். கயிறும் பூட்டும் புறக்கோட்டையிலேயே கிடைக்கும்.